எமீல் லெவஸோர்: யந்திரத்தை முன்னே வைத்த பெரியார்

மோட்டார் வண்டிகளில் விருப்பமுடைய மாணவர் இருவர் விடுதித் தாழ்வாரத்தில் கூடுவாராயின், சிறிது நேரத்திற்குள் வாதம் ஒன்று எழாமல் இராது. யந்திரம் வண்டியின் முன்னே இருத்தல் நலமோ, பின்னே இருத்தல் நலமோ, நடுவே இருத்தல் நலமோ என்பதே அவ்வாதம். இதனை வாய்ச்சொல்லால் அன்றிச் சாலையிலே ஓட்டிக்காட்டித் தீர்க்க முயன்ற பிரெஞ்சு நாட்டுப் பெரியார் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

எமீல் லெவஸோர் 1843-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 21-ஆம் தேதி, பாரிஸ் நகருக்குத் தெற்கேயுள்ள மரோல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பாரிஸிலுள்ள எகோல் சாந்திரால் என்னும் கல்லூரியில் யந்திரக் கலை பயின்றார். பின்னர், மரம் அறுக்கும் யந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றிற் சேர்ந்து, நாளடைவில் ரெனே பானார் என்பாருடன் அதன் கூட்டாளியாயினார்.

ஜெர்மானியராகிய டைம்லர் ஆக்கிய யந்திரத்தைப் பிரான்ஸில் செய்யும் உரிமை, எதுவார் ஸாரஸின் என்பவரிடம் இருந்தது. அவர் 1887-இல் காலஞ்சென்றார். அவர் மனைவியார் லூயிஸ் அம்மையார், கணவர் தொடங்கிய முயற்சி வீண்போகலாகாதென்று துணிந்து, டைம்லரிடம் சென்று அவ்வுரிமையைத் தம்மிடமே நிலைநிறுத்திக்கொண்டார். 1890-இல் அவ்வம்மையார் லெவஸோரை மணந்தார். மோட்டார் வண்டியின் வரலாற்றில் இவ்வம்மையாரின் உறுதிக்கும் உரிய இடம் உண்டென்பதை நாம் மறத்தலாகாது.

அக்காலத்து வண்டிகள் குதிரை பூட்டாத குதிரை வண்டிகளாகவே தோன்றின. பென்ஸ் என்பாரின் வண்டியில் யந்திரம் பின்னே இருந்தது. லெவஸோரின் முதற் சோதனை வண்டியிலும் அது நடுவிலேயே வைக்கப்பட்டது. ஆயின் அவர் மனம் அமைதியுறவில்லை. 1891-இல் யந்திரத்தை முன்னே நிறுத்தி, அதன் பின்னே கிளச்சையும் பல்சக்கரப் பெட்டியையும் வரிசையாக அமைத்து, சங்கிலியால் பின்சக்கரங்களை உருட்டினார். யந்திரத்தின் பாரம் முன்சக்கரங்களின்மேல் விழுந்தமையால் அவை நிலத்தை உறுதியாகப் பற்றின. ஓட்டுவோன் திருப்பியவாறே வண்டி திரும்பிற்று.

இம்முறைக்குப் பெருஞ்சோதனை 1895-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வாய்த்தது. பாரிஸிலிருந்து போர்தோ வரை சென்று மீளும் பந்தயம் அது. தூரம் ஏறக்குறைய 1,178 கிலோமீட்டர். எதிர்த்து வந்த பெஜோ வண்டிகளிலும் இவர் தொழிற்சாலையின் டைம்லர் யந்திரமே இருந்தது. ஆனால் அவற்றில் அது பின்னே இருந்தது. இடைவழியில் இவருக்குப் பதிலாக ஓட்டவேண்டிய துணைவன், இவர் அத்துணை விரைவில் வருவாரென எதிர்பாராமல் உறங்கிக் கிடந்தான். லெவஸோர் அவனுக்காகக் காத்திராது தாமே மேற்சென்றார். ஐம்பத்திரண்டு வயதில், இரவும் பகலும் தாமே ஓட்டி, ஏறக்குறைய 48 மணி 48 நிமிஷங்களிற் பாரிஸை அடைந்தார். அடுத்து வந்த பெஜோ வண்டி அவருக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிந்தியே வந்தது.

எனினும் முதற் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. இரண்டு பேருக்கு மேல் அமரத்தக்க வண்டிக்கே அப்பரிசு என்பது பந்தயத்தின் விதி. இவரதோ இருவர் வண்டி. ஆகவே அது மூன்றாவதாக வந்த பெஜோவுக்குச் சென்றது. பரிசு எங்குச் சென்றாலும், வண்டி செய்வோரின் கண்கள் லெவஸோரின் அமைப்பின்மேலேயே நிலைத்தன.

மறு ஆண்டு பாரிஸ்-மார்சேய் பந்தயத்தில், குறுக்கே ஓடிவந்த நாயொன்றைக் காக்க வண்டியைத் திருப்பியபோது அது கவிழ்ந்தது; லெவஸோர் தூக்கியெறியப்பட்டுக் காயமுற்றார். அதன் பின் அவர் பூரண சுகம் பெறவில்லை. 1897-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14-ஆம் தேதி உயிர் நீத்தார். 1907-இல் பாரிஸில் போர்த் மாயோ என்னுமிடத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது.

அவர் வகுத்த ஒழுங்கு நெடுங்காலம் உலகை ஆண்டது. 2014 வரை நம் நாட்டில் செய்யப்பட்ட அம்பாஸடர் வண்டியும் முன்னே யந்திரமும் பின்சக்கர ஓட்டமும் உடையதே. ஆயினும் அதுவே முடிந்த முடிபன்று. 1959-இல் யந்திரத்தை ஓட்டுவோன் முதுகுக்குப் பின் வைத்த கூப்பர் வண்டி உலகப் பந்தயப் பட்டம் வென்றது. 1963-இல் வெளிப்பட்ட போர்ஷே 911 பின்யந்திரத்துடனேயே புகழ் பெற்றது. ஆகவே நம் மாணவர்தம் வாதம் இனியும் நடக்கட்டும். ஆனால், தாம் கொண்ட கருத்தைத் தம் கையாலே செய்து, தம் உடலாலே சோதித்துப் பார்த்த லெவஸோரைப் போல், வாதிப்போர் ஒரு முறையேனும் கையில் எண்ணெய் படிய உழைத்த பின்னர் வாதிப்பாராக என வேண்டுகின்றோம்.