கோணம் அளந்த லாம்டன்

வானில் இரண்டு கலங்கள் அணி பிறழாது செல்ல வேண்டுமாயின், ஒன்று மற்றதன் தொலைவையும் திசையையும் இடையறாது அறிதல் வேண்டும். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் நாட்டு ராக்கெட் ஏற்றிச் சென்ற புரோபா-3 என்னும் ஐரோப்பிய இரட்டைக் கலங்கள், மறு ஆண்டில் 150 மீட்டர் இடைவெளியில், மில்லிமீட்டர் நுட்பத்துடன் அணிவகுத்தன. ஒன்றன் ஒளிப்படக் கருவி மற்றதன் விளக்குகளை நோக்கித் திசையை உணர்ந்தது. லேசர் கதிர் சென்று மீண்டு தொலைவை உணர்த்தியது. தொலைவும் கோணமும் கொண்டு இடமறியும் இக்கலையை நம் மண்ணில் பேரளவில் நடத்திக் காட்டியவர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தில் எளிய குடியில் பிறந்த இவர், படைவீரராக இந்தியா வந்தார். 1799ஆம் ஆண்டு மைசூர்ப் போரில், இருளில் படை வழி தவறியபோது விண்மீன்களை நோக்கித் திசை கண்டு கூறினார். விண்கலங்களும் இன்று அவ்வாறே தம் நிலையை அறிகின்றன.

1802ஆம் ஆண்டு ஏப்ரலில், பரங்கிமலையருகே 7½ மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும். ஆதலின் அதனை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்துக் கணக்கிட்டே அளந்தார். அக்கோடு சரியாயின் பின்னர்ச் சங்கிலி மிகுதியாக வேண்டுவதில்லை. இரு முனைகளிலிருந்தும் கோணம் பார்த்து, முக்கோணம் முக்கோணமாக நாடெங்கும் செல்லலாம். அது பிழைத்தாலோ, பின்வருவன அனைத்தும் பிழைக்கும்.

கோணம் காண்பதற்கு அரை டன் நிறையுள்ள தியோடலைட் இருந்தது. அதைக் கொணர்ந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். ஆயினும் அறிவியற் கருவியென அறிந்து திருப்பி அனுப்பினர். பகைவரிடத்தும் இத்தகைய பண்பு இருந்தது!

புதுக்கோட்டைச் சீமையில் நார்த்தாமலை, குடுமியான்மலை எனப் பாறைக்குன்றுகள் உண்டு. அதன் வடகிழக்கே அடுத்துள்ள தஞ்சைச் சமவெளியிலோ குன்றில்லை. மரங்கள் பார்வையை மறைக்கும். எனவே கோயிற் கோபுரங்களே லாம்டனுக்குக் குன்றுகளாயின. 1808ஆம் ஆண்டு, தஞ்சைப் பெரிய கோயிலின்மீது தியோடலைட்டை ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதிற்று. கோணம் குறிக்கும் 3 அடி வட்டம் நெளிந்தது.

வட்டம் நெளிந்தபின் அளவை ஏது? வேறு கருவி இங்கிலாந்திலிருந்து வரப் பல மாதங்கள் ஆகும். லாம்டன் கூடாரத்துள் புகுந்தார். ஆறு வாரம் அதனுள்ளேயே உழைத்தார். ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு, மயிரிழை மயிரிழையாக இழுத்து, வட்டத்தைப் பழைய வடிவுக்குக் கொணர்ந்தார். அளவை தென்முனை நோக்கித் தொடர்ந்தது.

1823ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், அளவைப் பணியை வடக்கே கொண்டு செல்லும் வழியில், இன்றைய மகாராட்டிர மாநிலத்து இங்கன்காட்டில் அவர் உயிர்நீத்தார். அவருக்குத் துணைவராயிருந்த ஜார்ஜ் எவரெஸ்ட், அம்முக்கோணங்களை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார்.