விளக்கைக் கைமாற்றியவர்

ஆரம்பப் பிரிவில் நாம் படித்த காலத்தில் நடந்த வினோத உடைப் போட்டி ஒன்று இன்றும் ஞாபகத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத நாட்கள் அவை. வெள்ளைத் துணியைத் தலையில் கட்டி, கையில் ஜாம் போத்தல் விளக்கை ஏந்தியபடி என் வகுப்புத் தோழி மேடையேறினாள். கைவிளக்கேந்திய சீமாட்டி என்று அறிவித்ததும் மண்டபம் கைதட்டியது. புளோரன்ஸ் நைற்றிங்கேலைப் பற்றி அன்று எங்களுக்குத் தெரிந்தது அந்த விளக்கு மட்டுமே. வைத்தியராகிப் பல வருடங்கள் கழிந்த பின்னரே, விளக்கை வைத்த பிறகு அவர் செய்த பணி எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

1820 மே 12 அன்று, செல்வந்த ஆங்கிலக் குடும்பமொன்றின் மகளாக இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். தாதித் தொழில் மதிப்பற்றதாகக் கருதப்பட்ட காலம். வீட்டார் பல வருடங்கள் தடுத்தனர். 1851 இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வேர்த்தில் சுமார் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853 இல் லண்டன் ஹார்லி வீதியில் பெண்களுக்கான சிறிய வைத்தியசாலை ஒன்றின் பொறுப்பை ஏற்றார். ஒவ்வொரு மாடிக்கும் சுடுநீர்க் குழாயும், உணவை மேலேற்ற ஒரு தூக்கியும் வேண்டும் என்று வலியுறுத்தினார். தாதியின் நேரம் படிக்கட்டில் கரையாமல் நோயாளியிடம் செல்ல வேண்டும் என்பதே காரணம்.

1854 இல் 38 பெண்களோடு ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குச் சென்றார். சமையல், சலவை, கணக்கு, இறந்தவர் வீடுகளுக்குக் கடிதம், இரவுச் சுற்று என்று எல்லாவற்றையும் தாமே சுமந்தார். இருந்தும் அந்தக் குளிர்காலத்தில் காயத்தைவிட நோயாலேயே அதிகமான வீரர்கள் இறந்தனர். 1855 மார்ச்சில் சுகாதார ஆணைக்குழு வந்து, கழிவுநீர் வழிகளையும் காற்றோட்டத்தையும் சீர்செய்யத் தொடங்கிய பின்னர் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. நாடு திரும்பியதும் வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிபரவியலாளரோடு அந்த மரணக் கணக்குகளை ஆராய்ந்தார். அமைப்பு பிழையாக இருந்தால், ஒருவரின் அர்ப்பணிப்பு மட்டும் உயிர்களைக் காக்காது என்பதை அந்தக் கணக்குகள் காட்டின.

பொதுமக்கள் தந்த நிதியைக் கொண்டு 1860 ஜூலை 9 அன்று லண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் அவரது தாதியர் பயிற்சிப் பாடசாலை ஆரம்பமானது. அப்போது அவர் நோயுற்று, பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். இனி மற்றவர்கள் ஊடாகவே எதையும் செய்யலாம் என்ற நிலை. பயிலுநர்களுக்குத் தங்குமிடமும் உணவும் சீருடையும் சிறு கொடுப்பனவும் கிடைத்தன. தாதியப் பணியில் தலைமைத் தாதிக்கே அதிகாரம் இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். பொறுப்பிலிருப்பவர் இல்லாதபோதும், இருக்கும்போது நடப்பது போலவே வேலை நடக்க வேண்டும் என்பது தாதியம் பற்றிய அவரது நூலின் முக்கிய பாடங்களில் ஒன்று.

அந்த வழியில் தலைவியர் உருவாகினர். 1865 இல் லிவர்பூலின் ஏழைகள் விடுதி வைத்தியசாலைக்குச் சென்ற அக்னஸ் ஜோன்ஸ், மூன்று வருடங்களில், 35 வயதில், டைபஸ் காய்ச்சலுக்குப் பலியானார். 1868 இல் லூசி ஒஸ்பேர்ன் ஐந்து தாதியரோடு சிட்னி சென்றார். எடின்பரோவில் பணியாற்றிய ஏஞ்சலிக் பிரிங்கிள், பின்னர் சென். தோமஸிற்கே தலைமைத் தாதியாகத் திரும்பினார்.

எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. பயிலுநர்களுக்குப் போதிய கற்பித்தல் இல்லை, வேலை மட்டுமே வாங்கப்படுகிறது என்பதை 1870களின் தொடக்கத்தில் நைற்றிங்கேல் கண்டறிந்தார். ஐம்பது வயதைக் கடந்த அவர், பயிலுநர்களைத் தனித்தனியே அழைத்துப் பேசத் தொடங்கினார். அவர்களுக்குப் படிப்பிக்கவும் துணைநிற்கவும் ஒரு பொறுப்புச் சகோதரி நியமிக்கப்பட்டார். தூரத்துத் தலைமைத் தாதியருக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். அவரிலும் குறை இருந்தது. தாதியரை அரச பதிவேட்டில் பதிவதை அவர் எதிர்த்தார். அவர் மறைந்த பின், 1919 இல், பிரித்தானியாவில் அது சட்டமாயிற்று.

என் பயிற்சிக் காலத்தில் இரண்டு விடுதிகளில் பணியாற்றினேன். ஒன்றில், மருந்தளவு பிழைத்த இளம் தாதியை நோயாளர் முன்னிலையிலேயே ஏசினார்கள். அதன்பின் அங்கே பிழைகள் நிற்கவில்லை. பிழைகளைச் சொல்வதுதான் நின்றது. மற்றதில் அதே போன்ற பிழை நடந்தபோது, பொறுப்பு மிஸி அந்தத் தாதியைத் தனியே அழைத்து, எப்படி நடந்தது என்று கேட்டார். ஒரே மாதிரியான இரண்டு மருந்துப் போத்தல்களையும் அன்றே வெவ்வேறு தட்டுகளில் வைத்தார். வேலைப்பளு இரண்டிலும் ஒன்றுதான். வேறுபட்டது தலைமை. அந்தத் தலைமை பிறவியில் வருவதல்ல, பழக்கி வளர்க்க வேண்டியது என்பதை நைற்றிங்கேலின் பிற்பாதி வாழ்வு எனக்குச் சொன்னது.

1907 இல் பிரித்தானியாவின் ஓடர் ஒஃப் மெரிற் விருதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. 1910 ஓகஸ்ட் 13 அன்று, 90 ஆவது வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்ததைக் குடும்பத்தினர் ஏற்கவில்லை. ஈஸ்ட் வெலோ என்ற கிராமத்தில், பெயரின் முதலெழுத்துக்கள் பொறித்த குடும்பக் கல்லறையில் அவர் உறங்குகிறார்.

எமது கல்லூரி நூறு வருடங்கள் நிலைத்ததும், ஒவ்வொரு தலைமுறை ஆசிரியையும் அடுத்தவரை ஆளாக்கிவிட்டுப் போனதால்தான். உலகின் எந்த மூலையில், எந்தப் பொறுப்பில் இருந்தாலும், அன்புச் சகோதரியரே, நாளை நாம் வேலைக்குப் போகாவிட்டால் அந்த வேலையைத் தைரியமாக எடுத்துச் செய்ய ஒருவரையாவது வளர்த்திருக்கிறோமா என்று இந்த நூற்றாண்டில் எம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.