கடற்படைத் தலைவர் சுப்ரேன்

திருகோணமலைத் துறைமுகம் இயற்கை நமக்கு அளித்த பெருஞ்செல்வம். ஆயினும் அச்செல்வமே இந்நகருக்குப் பன்முறை இடுக்கண் விளைத்தது. அவற்றுள் ஒன்றோடு பிணைந்தது பிரான்சு நாட்டுக் கடற்படைத் தலைவர் சுப்ரேன் என்பாரின் வரலாறு.

சுப்ரேன் 1729ஆம் ஆண்டு யூலை 17ஆம் நாள் தென் பிரான்சிலுள்ள புரோவான்சு மாகாணத்தில் உயர்குடியொன்றிற் பிறந்தார். இளமையிலேயே கடற்படை புகுந்த அவர், 1747இலும் 1759இலும் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். ஐம்பது வயதை அணுகும்வரை பெரும்புகழ் அவரை நாடவில்லை. அமெரிக்காவில் மூண்ட போரே அவரை உலகறியச் செய்தது.

அப்போர் உலகப் போராக விரிந்த காரணங்களை ஈண்டு நோக்குதல் தகும். 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையாற் கனடாவை இழந்த பிரான்சு, பழிவாங்கும் காலத்தை எதிர்நோக்கியிருந்தது. 1775இல் அமெரிக்கக் குடியேற்ற நாட்டினர் பிரித்தானியாவை எதிர்த்துப் போர் தொடங்கினர். 1777இல் சரற்றோகாவில் அவர்கள் பெற்ற வெற்றி பிரான்சுக்கு ஊக்கமளித்தது. 1778 பெப்ரவரி 6ஆம் நாள் இரு திறத்தாரும் நட்புடன்படிக்கை செய்தனர். அடுத்த ஆண்டு ஸ்பெயினும் போரிற் சேர்ந்தது.

ஒல்லாந்தரோ நடுநிலை நின்று இரு பக்கத்தும் வாணிகம் செய்தனர். அமெரிக்கருக்கு வெடிமருந்து அவர்தம் மேற்கிந்தியத் தீவு வழியாகவே சென்றது. உருசியப் பேரரசி கதரீன் 1780இல் அமைத்த நடுநிலை நாடுகளின் கூட்டணியிற் சேரவும் அவர்கள் எண்ணினர். அதனைத் தடுக்கப் பிரித்தானியர் காரணம் தேடிய வேளையில், அமெரிக்கத் தூதர் லோறன்ஸ் சென்ற கப்பல் அவர்களிடம் அகப்பட்டது. அவர் கடலில் எறிந்த தாள்களை மாலுமிகள் மீட்டெடுத்தனர். அவற்றுள் அமெரிக்கர்க்கும் ஒல்லாந்தர்க்கும் இடையே வரையப்பட்டு, நிறைவேறாதிருந்த ஓர் உடன்படிக்கையின் படி இருந்தது. அதனையே குற்றமாகக் காட்டி, 1780 டிசம்பர் 20ஆம் நாள் பிரித்தானியா ஒல்லாந்தர்மீது போர் அறிவித்தது.

அவ்வறிவிப்பு நம் துறைமுகத்தையும் தாக்கியது. சோழமண்டலக் கரையில் வாடைக் காலத்திற் போர்க்கப்பல்கள் ஒதுங்குதற்குத் தக்க துறை இல்லை. திருகோணமலையோ எக்காலத்தும் காப்பளிப்பது. பிரித்தானியத் தளபதி இயூஸ் 1782 சனவரியில் இதனை ஒல்லாந்தரிடமிருந்து கவர்ந்தார். கண்டி மன்னன் இராசாதி இராசசிங்கனிடம் போயிட் என்னும் தூதர் சென்றார். அரசரோடன்றி வணிகக் கும்பனியோடு உடன்படிக்கை செய்ய மன்னன் இசைந்திலன்.

ஒல்லாந்தருக்குத் துணையாக 1781இல் பிரான்சிலிருந்து புறப்பட்ட சுப்ரேன், வழியிற் போட்டோபிறயாவிற் பிரித்தானியக் கப்பல்களைத் தாக்கி, நன்னம்பிக்கை முனையைக் காத்தார். 1782இல் சதுரங்கப்பட்டினம் முதலிய இடங்களில் இயூசோடு பொருதார்; ஐதர் அலியைச் சந்தித்து நட்பை உறுதி செய்தார். ஆகஸ்டு இறுதியிற் படையை இறக்கிச் சில நாள்களிலேயே திருகோணமலைக் கோட்டையையும் ஒஸ்ரன்பேக் கோட்டையையும் கைப்பற்றினார். மீட்க விரைந்த இயூஸ் செப்டெம்பர் 2ஆம் நாள் வந்து, பிரான்சுக் கொடி பறக்கக் கண்டார். மறுநாட் கடற்போரில் எவரும் முழுவெற்றி பெறவில்லை. எனினும் துறைமுகம் சுப்ரேனிடமே நின்றது.

இவ்விருவரும் இறுதியாகப் பொருதது 1783 யூன் 20ஆம் நாள், கடலூருக்கு அண்மையில். இரு திறத்தும் ஏறக்குறைய 200 பேர் மாண்டனர். சமாதானத்தின் முதற் கைச்சாத்து ஐரோப்பாவிற் சனவரி 20ஆம் நாளே நிகழ்ந்துவிட்டது. அச்செய்தி கடல் கடந்து வருமுன் அத்தனை உயிர்கள் வீணாயின.

உடன்படிக்கையின்படி திருகோணமலை ஒல்லாந்தருக்கே மீண்டது. நாகப்பட்டினம் பிரித்தானியரிடம் நின்றது. 1784இல் தாயகம் திரும்பிய சுப்ரேனுக்கு அரசர் உயர்பதவி அளித்துச் சிறப்பித்தார். 1788 டிசம்பர் 8ஆம் நாள் பாரிசில் அவர் காலமானார்.

சுப்ரேனின் வீரம் போற்றத்தக்கது. ஆயினும் ஈராண்டு பொருது அவர் பெற்றதைத் தூதுவர் தாளொன்றிற் கைச்சாத்திட்டுத் திருப்பிக் கொடுத்தனர். அப்போரைத் தொடங்கிய காரணங்களுள் ஒன்றேனும் இவ்வூர் மக்கள் செயலன்று. முடித்தபோதும் அவர்களைக் கேட்டாரில்லை. 1795இல் பிரித்தானியர் மீண்டும் வந்தபோதும், 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானியர் குண்டு வீசியபோதும் அந்நிலையே நேர்ந்தது. கோணேசர் திருவடி நிழலில் வாழும் நம் இளைஞர், பிறநாட்டு அரசியலைத் தமக்குத் தொடர்பற்றதெனத் தள்ளாது கற்றல் கடன்.