ஜோசபின் பேக்கர் அம்மையார்

வாளெடுத்துப் பகைவரை வென்றோரை உலகம் சிலை நிறுத்திப் போற்றுகின்றது. ஆனால் தாயின் மடியிலிருந்தே கூற்றுவன் வாய்ப்படும் பச்சிளங் குழந்தைகளைப் பல்லாயிரக்கணக்காய் மீட்டவர்களின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. அத்தகையோருள் ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்ந்த ஸாரா ஜோசபின் பேக்கர் அம்மையார். அவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1873ஆம் வருஷம் நவம்பர் மாதம் 15ஆம் தேதி, நியூயார்க் மாகாணத்துப் போகீப்ஸி என்னும் ஊரில் செல்வக் குடியொன்றிற் பிறந்தார். பதினாறாம் பிராயத்தில் தந்தை விஷஜுரத்தால் இறக்கவே, குடும்பப் பாரம் இவர் மேல் வந்துற்றது. பெண்கள் வைத்தியம் பயிலுதல் தகாதென்று உற்றார் தடுத்தும் கேளாராய், நியூயார்க் நகரத்துப் பெண்கள் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1898ஆம் வருஷம் தேர்ச்சி பெற்றார். அக்கல்லூரியில் இவர் ஒரேயொரு பாடத்தில் தவறினார். அது நோயில்லாக் குழந்தையின் வளர்ச்சியைப் பற்றிய பாடம். அவமானத்தால் உந்தப்பட்டு அப்பாடத்தை மறுபடியும் ஊன்றிப் படித்தபோது, குழந்தையென்னும் அச்சிற்றுயிரின் மீது இவருக்குத் தணியாத ஆர்வம் பிறந்தது. தோல்வியே இவர்தம் வாழ்நாட்பணிக்கு வித்தாயிற்று.

வைத்தியத் தொழிலில் முதல் வருஷம் கிடைத்த வருமானம் 185 டாலரே. ஆகவே 1901ஆம் வருஷம் நகர சுகாதார இலாகாவிற் பரிசோதகராய் அமர்ந்தார். மறு வருஷத்துக் கோடையில், அயல்நாடுகளிலிருந்து குடியேறிய ஏழைகள் நெருங்கி வாழ்ந்த வீடுகளில் மாடிதோறும் ஏறியிறங்கி, நோயுற்ற குழந்தைகளைத் தேடிச் சென்றார். வெயிற்காலத்து வயிற்றுப்போக்கு நோயால் அந்நகரத்தில் வாரமொன்றுக்கு 1,500 சிசுக்கள் மாண்டதாக இவர் பின்னாளில் எழுதியுள்ளார். சாகுந் தறுவாயிலுள்ள குழந்தைக்கு மருந்தளித்துப் பயன் காண்டல் அரிது என்பதை இவர் கண்கூடாய்க் கண்டார். நோய் வந்தபின் ஓடுவதிலும் வருமுன் காப்பதே முறையென்னும் எண்ணம் இவருள்ளத்தில் வேரூன்றியது.

1908ஆம் வருஷத்துக் கோடையில் அவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. இத்தாலியர் மிகுந்து வாழ்ந்த ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தார். பிறப்புப் பதிவேட்டிலிருந்து புதிதாய்ப் பிறந்த குழந்தைகளின் பெயரும் முகவரியும் நாள்தோறும் பெறப்பட்டன. பயிற்சி பெற்ற முப்பது தாதிகள் அவ்வீடுகளுக்குச் சென்றனர். தாய்ப்பாலே சிறந்ததென்றும், தூய காற்று வேண்டுமென்றும், தினமும் நீராட்டி, கோடையில் துணிகளைச் சுற்றியிறுக்காது மெல்லாடை அணிவிக்க வேண்டுமென்றும் தாய்மார்க்கு அன்புடன் உணர்த்தினர். மருந்தொன்றும் இல்லை, போதனையே மருந்து. கோடை கழிந்து கணக்கெடுத்தபோது, முந்திய வருஷத்துக் கோடையைவிட அப்பகுதியில் 1,200 குழந்தை மரணங்கள் குறைந்திருந்தன.

இதனைக் கண்டு அவ்வருஷமே நகராட்சியார் குழந்தைகள் சுகாதாரத்திற்கெனத் தனிப்பிரிவொன்றை ஏற்படுத்தி, இவரைத் தலைவியாக்கினர். பெண்ணின்கீழ் வேலை செய்யோம் என்று ஆறு ஆண் வைத்தியர்கள் விலக முற்பட்டனர். ஒரு மாதம் மட்டும் இருந்து பாருங்கள் என அம்மையார் வேண்டினார். மாதம் முடிந்தபின் அவருள் ஒருவரும் விலகவில்லை.

அப்பிரிவின் வேலைகள் பலவாயின. ஏழைகளுக்குத் தூய பால் வழங்கும் நிலையங்கள் திறக்கப்பட்டன. மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியும் உத்தரவுச் சீட்டும் அளிக்கப்பட்டன. பிறந்த குழந்தையின் கண்ணொளியைக் காக்க வெள்ளி நைட்ரேட் என்னும் மருந்தை இடுவது அக்காலத்து வழக்கமாயிருந்தது. புட்டியில் வைத்த மருந்து நாட்படச் செறிவு மிகுந்து தீங்கு செய்தது. அம்மையார் ஒரு முறைக்கு வேண்டிய அளவை மட்டும் தேன்மெழுகுக் குப்பியில் அடைத்து வழங்கச் செய்து, அத்தீங்கை நீக்கினார். தாயார் கூலிக்குச் சென்றபின் தம்பி தங்கையரைப் பேணும் சிறுமிகளைத் திரட்டி, சிறு தாய்மார் சங்கங்கள் நிறுவிக் குழந்தை வளர்ப்பைக் கற்பித்தார். மருத்துவமனையில் எவ்வளவு சுத்தமாய் வைத்திருந்தும் அநாதைச் சிசுக்கள் மடிவதைக் கண்டு, அவர்களை எளிய வீடுகளிலிருந்த வளர்ப்புத் தாய்மாரிடம் ஒப்புவித்தார். அணைத்தெடுக்கும் கைகள் கிடைத்ததும் பல குழந்தைகள் பிழைத்தன.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. குழந்தைகள் நோயின்றி இருப்பதால் தங்கள் தொழில் கெடுகிறதென்று புரூக்ளின் பகுதி வைத்தியர் சிலர் நகரத் தலைவருக்கு மனுச் செய்தனர். அதனையே தமக்குக் கிடைத்த நற்சான்றாக அம்மையார் கொண்டார். நியூயார்க் சர்வகலாசாலையார் இவரை விரிவுரையாற்ற அழைத்தபோது, தம்மையும் மாணவியாய்ச் சேர்த்துக்கொள்ள வேண்டினார். பெண்களைச் சேர்ப்பதில்லை என்றனர். அங்ஙனமாயின் விரிவுரையுமில்லை என்று இவர் மறுக்கவே, அவர்கள் இணங்கினர். 1917ஆம் வருஷம் பொதுச் சுகாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். முதல் உலகப் போர்க் காலத்தில், போர்முனையிலுள்ள சிப்பாயைவிடத் தொட்டிலிலுள்ள குழந்தைக்கே அபாயம் மிகுதியென்பதைப் புள்ளிக்கணக்கால் எடுத்துக்காட்டி, நாட்டாரை விழிக்கச் செய்தார்.

1923ஆம் வருஷம் இவர் பதவி விட்டு நீங்கியபோது, நகரத்தின் சிசு மரண விகிதம் பாதிக்கு மேல் தாழ்ந்திருந்தது. 1945ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 22ஆம் தேதி இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மாணவ நண்பர்காள்! இவ்வம்மையார் புதிய மருந்தொன்றும் கண்டுபிடித்தாரில்லை. அறிஞர் அறிந்திருந்ததை அறியாத் தாயின் வாயிலுக்குக் கொண்டு சென்றார், அவ்வளவே. கல்லூரியில் நாம் பெறும் அறிவும் அங்ஙனம் பிறர் வாயிலை அடையுமாயின், அதுவே கற்றதனாலாய பயனாகும். பரீட்சையில் ஒரு பாடத்தில் தவறி மனமுடைந்திருப்பார் எவரேனும் நம்மிடை உளராயின், அவர் இச்சரித்திரத்தை இன்னுமொருமுறை படிப்பாராக.