கலங்கிய காலத்தில் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத்

ஆண்டறிக்கையோடு வெளிவரும் இம்மலரில் இவ்வாண்டு நாம் எழுத எடுத்துக்கொண்டது காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் (ரஹ்) அவர்களின் வாழ்வு. மீலாது மேடைகளிலும் கல்லூரி விழாக்களிலும் அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய எளிமையையும் நேர்மையையும் எடுத்துரைப்பர். அவை உண்மையே. எனினும் அவருடைய வாழ்வில் இன்னொரு பகுதி உண்டு. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு சமுதாயம் முழுவதும் அச்சத்திலும் அவமானத்திலும் சினத்திலும் மூழ்கியிருந்த நாட்களில், அந்த உணர்ச்சிகளை அவர் எவ்வாறு கையாண்டார் என்பதே அது.

1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் அவர் பிறந்தார். தந்தையார் மௌலவி மியாகான் ராவுத்தர். இளவயதிலேயே தந்தையை இழந்த அவருக்கு அன்னையாரே மார்க்கக் கல்வியின் முதல் ஆசிரியராக அமைந்தார். திருநெல்வேலியிலும் திருச்சியிலும் சென்னையிலும் கல்லூரிக் கல்வி பயின்றார். 1920இல் பட்டத் தேர்வு எழுத வேண்டிய வேளையில் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பு வந்தது. தேர்வைத் துறந்து இயக்கத்தில் இறங்கினார்.

அக்காலம் கிலாஃபத் இயக்கத்தின் காலமுமாகும். முதல் உலகப் போரில் தோற்ற துருக்கியின் கலீஃபாவுக்காக, துருக்கியைக் கண்ணாலும் கண்டிராத இந்திய முஸ்லிம்கள் கண்ணீர் சிந்தினர். காந்தியடிகளின் தலைமையில் இந்துக்களும் அவர்களோடு தோள் கொடுத்தனர். அந்த எழுச்சி பெரிது. அது சென்று முடிந்த இடங்களோ வேறு. 1921இல் மலபாரின் ஏறநாட்டில் அது ஆயுதக் கிளர்ச்சியாக மாறிப் பல்லாயிரம் குடும்பங்களைச் சிதைத்தது. அவ்வாண்டு நவம்பரில் திரூரிலிருந்து காற்றுப்புகாத சரக்கு ரயில்பெட்டியில் அடைத்து அனுப்பப்பட்ட கைதிகளில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறி இறந்தனர். போத்தனூரில் கதவு திறக்கப்பட்டபோதுதான் அக்கொடுமை வெளிப்பட்டது. 1924 மார்ச்சில் துருக்கி அரசே கிலாஃபத்தை ஒழித்துவிட்டது. யாருக்காக இங்கே சிறை சென்றார்களோ, அப்பதவியே இல்லாமற் போயிற்று. இருபத்தைந்து வயதை ஒட்டி இவற்றையெல்லாம் கண்டவர் இஸ்மாயீல் சாஹிப். பிற்காலத்தில் அவரிடம் காணப்பட்ட நிதானத்தின் வேர் இங்கே இருக்கக்கூடும் என்பது நம் எண்ணம்.

பின்னர் அவர் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். வணிகர் சங்கங்களிலும் முஸ்லிம் லீகிலும் படிப்படியாக உயர்ந்தார். அவ்வாண்டுகளை நாம் விரைந்து கடந்துவிடலாம். 1946 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் முஸ்லிம்களுக்கென ஒதுக்கப்பட்ட 28 இடங்களையும் லீக் வென்றது. இஸ்மாயீல் சாஹிப் எதிர்க்கட்சித் தலைவரானார்.

நம் வட்டாரத்தார் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் வரை அம்மாகாணத்தின் முதல்வராக இருந்தவர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியார் ஆவார். ஆலய நுழைவுச் சட்டமும், தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும், ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டமும் அவர் காலத்தில் நிறைவேறியவை. ஆளும் வரிசையில் ஓமந்தூரின் உழவர் குடியினர். எதிர்வரிசையில் பேட்டையின் மௌலவி மகன். வயதில் ஓராண்டே வேறுபாடு. ஒருவர் வள்ளலாரின் வழி நின்று, பதவி விட்டபின் வடலூரில் வாழ்ந்தார். மற்றவர் ஐவேளைத் தொழுகையைத் தவறாதவர். நாடு இரண்டாகப் பிளந்த அந்த ஈராண்டுகளில் நம் மாகாணம் வடநாட்டைப் போல் எரியாமல் இருந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவ்விரு வரிசைகளிலும் இத்தகையோர் அமர்ந்திருந்ததும் அவற்றுள் ஒன்று என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் எரியாத ஊரிலும் அச்சம் இருக்கும். 1947 ஆகஸ்டுக்குப் பின் சென்னை மாகாண முஸ்லிமின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஓராண்டிற்கு முன் அவர் லீகுக்கு வாக்களித்தவர். லீகின் பெருந்தலைவர்கள் பலர் கராச்சிக்குச் சென்றுவிட்டனர். அவரோ தம் கடையும் நிலமும் பெற்றோரின் மண்ணறைகளும் உள்ள ஊரை விட்டு எங்கும் செல்லப்போவதில்லை. அண்டை வீட்டார் ஒன்றும் கேட்காவிட்டாலும், கேட்டுவிடுவரோ என்ற கூச்சம் அவரை விட்டு நீங்கவில்லை. 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் சுடப்பட்ட செய்தி பரவியபோது, கொலையாளி யார் என்பது தெரியும்வரை நாடெங்கும் முஸ்லிம் வீடுகளில் கதவுகள் மூடப்பட்டன. அவன் முஸ்லிம் அல்லன் என்பதை வானொலி வழியே உடனே அறிவிக்க அரசு முனைந்ததிலிருந்தே அன்றைய நிலை விளங்கும்.

அந்தத் துயரச் செய்தியின் நாற்பதாம் நாள், 1948 மார்ச் 10 அன்று, இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் சென்னை அரசு மண்டபத்தில் எஞ்சியிருந்த லீக் உறுப்பினர்கள் கூடினர். 1947 டிசம்பரில் கராச்சியில் நடந்த கூட்டத்தில் லீக் இரு நாடுகளுக்குமாகப் பிரிக்கப்பட்டு, இந்தியப் பகுதிக்கு இஸ்மாயீல் சாஹிப் அமைப்பாளராக்கப்பட்டிருந்தார். கட்சியைக் கலைத்துவிடலாம் என்ற கருத்து வடநாட்டுப் பெரியோரிடமும் இருந்தது, அக்கூட்டத்திலும் எழுந்தது. அது கோழைத்தனமான கருத்தன்று. அப்பெயரே வெறுப்பை வளர்க்கும்போது அதைச் சுமப்பானேன் என்பது நேர்மையான கேள்வியே. ஆயினும் கூட்டம் தொடர்ந்து இயங்குவதென முடிவு செய்தது. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் தோன்றியது; தலைவர் இஸ்மாயீல் சாஹிப்.

அம்முடிவின் சிறப்பு எதில் உள்ளது? அஞ்சியவனுக்கு முன்னால் பொதுவாக இரண்டு வழிகள் தோன்றும்: ஒளிந்துகொள்வது, அல்லது எகிறிப் பாய்வது. அஞ்சாதே என்று அறிவுரை கூறுவது மூன்றாவது வழியன்று; அது வெறுஞ்சொல். இஸ்மாயீல் சாஹிப் அச்சத்திற்குச் செல்ல ஓர் இடம் அமைத்துக் கொடுத்தார். வெளிப்படையான ஒரு அலுவலகம், முறையான கூட்டம், எழுதி வைத்த தீர்மானம், சட்டமன்றத்தில் ஒரு திருத்தம். கவலை உள்ளவன் அதைச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்று அறிந்தாலே பாதிக் கவலை குறைகிறது. நமது நிர்வாகக் குழுவில் அமர்ந்திருப்போர் இதை நன்கு அறிவர். சொத்துப் பிரச்சினையோ மணவிலக்குப் பிரச்சினையோ, இரு தரப்பாரும் கொதித்துக்கொண்டே பள்ளிவாசலுக்கு வருகின்றனர். ஒரு மணி நேரம் முழுமையாகக் கேட்டுப் பதிவேட்டில் எழுதிய பின்னரே பேச்சு என்ற ஒன்று தொடங்குகிறது.

உணர்ச்சி என்பதே குற்றம் என நம் மார்க்கம் கூறவில்லை. அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் விட்டதை நாம் அறிவோம். நம் வட்டாரமும் உணர்ச்சியின் இரு முகங்களையும் கண்டதே. 1978 ஜூலையில் விழுப்புரம் கடைத்தெருவில் தொடங்கிய பகை 12 தலித் மக்களின் உயிரைக் கொண்டுபோயிற்று. 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு வன்னிய மக்கள் நடத்திய சாலை மறியலில் 21 பேர் உயிர் துறந்தனர். அந்த வேதனை கோரிக்கையாகவும் பேச்சுவார்த்தையாகவும் தொடர்ந்ததால் 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு கிடைத்தது. அந்த 21 பேருக்கு இன்று விழுப்புரத்தில் மணிமண்டபம் உள்ளது. கொதிப்பு இரண்டிலும் இருந்தது. ஒன்றில் அது அண்டை மனிதனின் மீது பாய்ந்தது. மற்றதில் அரசின் கதவைத் தட்டியது.

அரசியல் நிர்ணய சபையில் இஸ்மாயீல் சாஹிப் கண்டவை பெரும்பாலும் தோல்விகளே. 1948 நவம்பரில் பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்திற்கு வந்தபோது, எந்தச் சமுதாயமும் தன் தனிச்சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படக் கூடாது எனத் திருத்தம் கொண்டுவந்தார், அது ஏற்கப்படவில்லை. 1949 மே மாதத்தில் தனித்தொகுதி முறை நீடிக்க வேண்டுமெனக் கோரினார்; சர்தார் படேல் கடுமையாக மறுத்தார்; கோரிக்கை தோற்றது. இக்கோரிக்கையில் அவருடன் உடன்படாதோர் நம்மிலேயே உண்டு. பிரிவினையின் புண் ஆறாத வேளையில் அது அச்சத்தைக் குறைத்திருக்குமா, கூட்டியிருக்குமா என்பது விவாதத்திற்குரியதே. அவ்வாண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதத்தில், பழமையே அளவுகோல் என்றால் தமிழுக்கே முதலுரிமை என்னும் கருத்தை எடுத்துவைத்தார். முஸ்லிம்களின் மொழி உருது மட்டுமே என எண்ணியிருந்த வடநாட்டு உறுப்பினர்களுக்கு அது வியப்பாக இருந்திருக்கக்கூடும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உருது பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே ஸஃப்பில் நிற்கும் நமக்கு அதில் வியப்பில்லை.

மூன்று தோல்விகளுக்குப் பின்னும் அவர் சபையை விட்டு வெளியேறவில்லை. தெருவில் இறங்கிக் கூட்டத்தைத் தூண்டவுமில்லை. தன்னைத் தோற்கடித்த அந்த அரசியல் சட்டத்தின் கீழேயே நின்று பேசினார். 1952 முதல் 1958 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். 1951இல் தொடங்கிய சென்னைப் புதுக் கல்லூரி உருவாக உழைத்தோருள் அவரும் ஒருவர்.

1962இல் சீனப் போர் மூண்டபோது, தம் மகனை இராணுவத்திற்கு அளிக்கத் தயார் எனப் பிரதமர் நேருவுக்குத் தெரிவித்தார். இதை நாம் பெருமையோடு கூறுவது வழக்கம். கூறும்போது சற்று வருத்தமும் எழுகிறது. பல ஆண்டுகள் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் உழைத்த ஒருவரின் நாட்டுப்பற்றுக்கும் அன்று சான்று தேவைப்பட்டதோ என்ற வருத்தம் அது.

அதே 1962இல் மஞ்சேரி மக்கள் அவரை மக்களவைக்கு அனுப்பினர். 1967இலும் 1971இலும் மீண்டும் அனுப்பினர். மஞ்சேரி எங்குள்ளது? ஏறநாட்டில். 1921இல் துப்பாக்கியும் தூக்குமரமும் கண்ட அதே மண்ணில், கிளர்ச்சியில் தந்தையை இழந்தோரின் தலைமுறை வாக்குச்சாவடியில் வரிசையில் நின்று, மலையாளம் தாய்மொழியாக இல்லாத ஒரு தமிழரைத் தேர்ந்தெடுத்தது. 1969 ஜூனில் அப்பகுதி மலப்புரம் மாவட்டம் ஆயிற்று. மாப்பிள்ளைமாரின் மனக்காயம் ஆற நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு கூட்டத்தில் மூட்டிவிடும் சினம் ஒரு நாளில் பற்றும். அணைய எத்தனை ஆண்டுகள் என்பதற்கு அம்மண்ணே சாட்சி. இன்று கைப்பேசியில் ஊர் பெயரற்ற ஒரு படம் வந்த அரைமணி நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் இளைஞர்கள் கூடிவிடுகின்றனர். அவர்களைக் கடிந்து அனுப்புவதைவிட, உள்ளே அமர்த்தி அச்செய்தி எங்கிருந்து வந்தது எனச் சேர்ந்தே விசாரிப்பது பலனளித்திருக்கிறது.

1972 ஏப்ரல் 5 அன்று மக்களவை உறுப்பினராக இருக்கும்போதே காயிதே மில்லத் அவர்கள் சென்னையில் இறையடி சேர்ந்தார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். அன்னாரின் பெயரில் 1974இல் சென்னையில் அரசு மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது.

1991இல் தஞ்சையிலிருந்து பிரிந்த மாவட்டத்திற்கு நாகை காயிதே மில்லத் மாவட்டம் எனப் பெயரிடப்பட்டது. 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த நம் மாவட்டமும் விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம் என்றே பிறந்தது. 1997இல் தென் மாவட்டங்களில் தலைவர்களின் பெயரால் சாதிக் கலவரங்கள் மூண்டன. அதையடுத்து மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கியது. நாகையிலிருந்து காயிதே மில்லத்தின் பெயரும், விழுப்புரத்திலிருந்து படையாட்சியாரின் பெயரும் ஒரே முடிவில் அகன்றன.

அன்னாரின் மண்ணறையை இறைவன் ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.