கரிவரதனும் தம்பியின் மாருதியும்

பண்டாரவளையில் வீட்டு முற்றத்தில் தம்பி தன் பழைய மாருதி 800க்கு ரோல் பார் பூட்டிக்கொண்டிருந்தான். கார் உருண்டாலும் கூரை தலையில் நசுங்காமல் தாங்கும் இரும்புக் குழாய் அது. தியத்தலாவையில் பந்தயம் ஓட வேண்டுமென்பது அவன் ஆசை. 2024 ஏப்ரலில் அங்கே பந்தயக் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் இறந்ததை அம்மா இன்னும் மறக்கவில்லை.

எனக்குக் கோயம்புத்தூர் கரிவரதன் நினைவுக்கு வந்தார். வசதியான மில் குடும்பத்துப் பிள்ளை. சோழவரத்தில் ஓட்டிப் பெயரெடுத்தவர். வெளிநாட்டுக் கார் வாங்க முடியாத இளைஞர்களும் ஓடட்டும் என்று, 1980களின் இறுதியில் இதே மாருதியின் 796 சிசி எஞ்சினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். அதில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1 வரை போனார். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

மலிவான காரிலும் பந்தயம் ஓடலாம் என்று அவர் காட்டினார். ஆனால் ரோல் பாரின் பலம் அதன் போல்ட் இறங்கும் தளத்தில்தான் இருக்கிறது. தளத்தின் மேலும் கீழும் தடித்த தகடு வைத்து இறுக்கினாலும், துருவேறிய தகரம் கிழிந்துவிடும். விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். எங்கள் ஊர் மழை தளத்தில் விரல் நுழையும் ஓட்டை போட்டிருந்தது. ரோல் பாரைச் சுவரில் சாத்திவிட்டு, வெல்டிங்காரரைத் தேடிப் புறப்பட்டோம்.