ஸர் ஹென்றி டேல்

குளவி கொட்டப்பெற்ற ஒருவர் சில நிமிஷங்களுக்குள் முகம் வெளுத்து, நாடி தளர்ந்து, நினைவிழந்து வீழ்வதுண்டு. அவர் உடம்பினின்று ஒரு துளி இரத்தமும் வெளியே சிந்தவில்லை. இருதயமும் அதுகாறும் பழுதற்றதே. அங்ஙனமாயின் அவ்விருதயத்திற்கு வந்து சேர வேண்டிய இரத்தம் எங்கே போயிற்று? இவ்வினாவிற்கு விடை காணும் வழியைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் ஆங்கில நாட்டு உடலியல் அறிஞராகிய ஸர் ஹென்றி டேல் ஆவர்.

இவர் 1875-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9-ஆம் தேதி லண்டன் மாநகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கலாசாலையில் இயற்கை விஞ்ஞானத்தையும், பின்னர் லண்டனிலுள்ள ஸெயிண்ட் பார்த்தலோமியு வைத்தியசாலையில் வைத்தியத்தையும் பயின்றார். ஜெர்மனி தேசத்துப் பிராங்க்பர்ட் நகரில் பால் எர்லிக் என்னும் பேரறிஞரிடம் சில மாதங்கள் ஆராய்ச்சி பழகினார். 1904-ல் வெல்கம் என்னும் மருந்து வணிகரின் ஆராய்ச்சிசாலையில் இவருக்கு உத்தியோகம் கிடைத்தது. கற்றோன் ஒருவன் வியாபாரிகளிடம் ஊழியம் ஏற்றல் தகாது என நண்பர் சிலர் தடுத்தனர். டேல் அதனைப் பொருட்படுத்தாது அவ்வேலையை ஏற்றுக்கொண்டார்.

ஆங்கு வெல்கம் இவருக்குக் குறித்த பொருள் எர்காட் என்பது. அது ரை என்னும் தானியக் கதிரைப் பற்றும் ஒருவகைப் பூஞ்சணம். பிரசவத்திற்குப்பின் உதிரப்போக்கை நிறுத்தும் மருந்தாக வழங்கி வந்தது. ரசாயன அறிஞராகிய ஜார்ஜ் பார்ஜரும் டேலும் அதனை ஆராய்ந்தபோது, 1910-ல், பிற்காலத்தில் ஹிஸ்டமீன் எனப் பெயர் பெற்ற பொருளை அதனினின்று பிரித்தெடுத்தனர். லெயிட்லா என்னும் துணைவருடன் டேல் அதனைப் பிராணிகளிடம் சோதித்தார். பூனைக்குச் சிறிதளவு செலுத்தியவுடன் இரத்த அமுக்கம் தாழ்ந்தது. கினிப்பன்றிக்கோ சுவாசக் குழாய்கள் இறுகி மூச்சடைத்தது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1902-ல், பிரான்ஸ் தேசத்து ரிஷே, போர்ட்டியே என்னும் இருவர் ஒரு விந்தையை வெளியிட்டிருந்தனர். ஒரு நச்சுப்பொருளை நாய்க்கு ஒருமுறை சிறிதளவு செலுத்திச் சில வாரங்கள் கழித்து மீண்டும் செலுத்தின், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே அதனைக் கொல்லும் சக்தியாக மாறிவிடுகின்றது என்பதே அது. அனபிலாக்ஸிஸ் எனப்பட்ட இந்நிலையும் ஹிஸ்டமீன் விளைக்கும் நிலையும் பெரிதும் ஒத்திருத்தலை டேல் கண்டார். 1913-ல் மற்றொன்றும் காட்டினார்: முன்னர்க் குதிரைச் சீரம் செலுத்தப்பட்ட கினிப்பன்றியின் தசைத் துண்டை இரத்தம் நீங்கக் கழுவி வைத்தாலும், அச்சீரம் பட்டவுடன் அது சுருங்குகின்றது. ஆகவே அவ்விளைவு தோன்றும் இடம் இரத்தமன்று, உடலின் தசைகளே என்பது தெளிவாயிற்று.

இவ்வளவும் கண்ட பின்னர், உடலில் தோன்றும் அக்கொடும்பொருள் ஹிஸ்டமீனே எனக் கூறிவிடுதல் எளிது. ஆயினும் டேல் அங்ஙனம் துணியவில்லை. 1911-ல் குடலின் உட்தோலில் ஹிஸ்டமீன் கிடைத்ததேனும், அழுகலை உண்டாக்கும் கிருமிகளும் அதனை ஆக்கக்கூடும். உயிருள்ள உடலில் அஃது இயல்பாகவே உண்டு என்று மெய்ப்பிக்கப்படும் வரையில், ஒப்புமையைச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது இவர் கொள்கை.

இதனிடையே முதல் உலக மகாயுத்தம் மூண்டது. காயமுற்ற போர்வீரர் பலர் சில மணி நேரங்கழித்து நாடி தளர்ந்து இறந்தனர். 1919-ல் டேலும் லெயிட்லாவும் ஹிஸ்டமீனால் அத்தகைய தளர்ச்சியைப் பூனைகளிடம் உண்டாக்கி, அதன் வழியை விளக்கினர். மயிரினும் நுண்ணிய தந்துகிகள் விரிந்து இரத்தத்தைத் தம்முள் தேக்கிக்கொள்கின்றன. அவற்றின் சுவர் வழியே இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து வெளியேறுகின்றது. இருதயத்திற்குத் திரும்புவது மிகச் சிறிதே. கிணறு வற்றியபின் ஏற்றம் பழுதின்றி இயங்கினும் வாய்க்காலில் நீர் ஏது? மேலும், ஈதர் மயக்கத்திலுள்ள பிராணி சிறிதளவு ஹிஸ்டமீனையும் தாங்காது என்பதையும், நைட்ரஸ் ஆக்ஸைடு மயக்கம் அத்துணைத் தீங்கு செய்வதில்லை என்பதையும் டேல் காட்டினார். காயமுற்றோருக்கு மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியருக்கு இது பேருதவியாயிற்று.

இறுதியில் 1927-ஆம் ஆண்டில், பெஸ்ட், டட்லி, தார்ப் என்பாருடன் சேர்ந்து, புதிதாக எடுத்த ஈரலினின்றும் நுரையீரலினின்றும் ஹிஸ்டமீனைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தார். ஐயம் தோன்றிப் பதினேழு ஆண்டுகள் கழிந்தபின்னரே அஃது உடலுக்கு உரிய பொருள் என்பது நிலைபெற்றது.

நரம்புகளின் செய்தியைக் கொண்டு செல்லும் அஸிடைல்கோலின் பற்றிய ஆராய்ச்சிக்காக 1936-ல் ஆட்டோ லூவியுடன் டேல் நோபெல் பரிசு பெற்றார். 1940 முதல் 1945 வரை ராயல் சொஸைட்டியின் தலைவராயிருந்தார். 1968-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி, தமது 93-ஆம் வயதில் காலஞ்சென்றார்.

இவர் விதைத்தது பின்னும் வளர்ந்தது. ஹிஸ்டமீன் சேமித்து வைக்கப்படும் இடம் மாஸ்ட் அணுக்களே என்பதை 1953-ல் ரைலியும் வெஸ்டும் காட்டினர். அவ்வணுக்கள் இருதயத்திலும், அதற்கு இரத்தம் ஊட்டும் நாளங்களைச் சூழ்ந்தும் உள்ளன. அவற்றினின்று வெளிப்படும் பொருள்களால் அந்நாளங்களே இறுகி மார்வலியும் மாரடைப்பும் நேரலாம் என்பதை 1991-ல் கிரேக்க வைத்தியராகிய கூனிஸ் விளக்கினார். ஆகவே குளவி கொட்டியவரின் இருதயத்திற்கு இருமுனை இடர் உண்டு: வரும் இரத்தம் குறைகின்றது, தன்னை ஊட்டும் இரத்தமும் தடைப்படக்கூடும். அவ்வேளையில் தாமதமின்றிச் செலுத்தத்தக்க முதல் மருந்து அட்ரினலின். அது விரிந்த நாளங்களைச் சுருக்கி, கசிவைக் குறைத்து, இருதயத்தை ஊக்குகின்றது. டேல் தம் இளமையில் நெடிது ஆராய்ந்த பொருள்களுள் அதுவும் ஒன்றாம்.

ஆராய்ச்சிசாலையில் அடியெடுத்து வைக்கும் நம் மாணவர்க்கு, எதிர்பார்த்த விடை கண்ணெதிரே தோன்றும் வேளையே இடர் மிகுந்த வேளையாகும். டேல் அவ்விடையைக் கண்டார். ஆயினும் சான்று கைக்கு எட்டும் வரையில் அதனை உண்மையென்று உரைத்திலர். அப்பதினேழு ஆண்டுப் பொறுமை, இவர் பெற்ற பரிசினும் பெரிதாக நம்மால் போற்றத்தக்கது.